மானியப் பதிவில் தாத்தாவைக் காணோமா? செட்டிநாட்டில் தேடுபவர்களுக்கு

மானியம் என்றதும் இப்போது எல்லோருக்கும் கேஸ் சிலிண்டர்தான் ஞாபகத்துக்கு வருகிறது. எங்கள் வீட்டில் மானியம் என்றால் ஒரு ஏக்கர்கூடத் தேறாத நந்தவனம். திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு சிவன் கோயிலுக்குப் பூக்கட்டிக் கொடுத்த பண்டாரக் குடும்பம் நாங்கள். அந்த ஊழியத்துக்காக ஏதோ ஒரு ராஜா விட்ட நிலம் என்று அப்பத்தா சொல்வார். எந்த ராஜா, எந்த வருஷம், வாங்கியவர் பெயர் என்ன என்று கேட்டால், "அதெல்லாம் யாருக்குடா தெரியும்" என்று வெற்றிலையை மடிக்க ஆரம்பித்துவிடுவார். அதைத் தேடிக் கிளம்பி நான் செய்யாத தப்பில்லை. அப்புறம் தெருவில் இரண்டு மூன்று ஆச்சிமார்களுக்கும் தேடிக் கொடுத்தேன். அவர்களுக்கும் அதே சிக்கல்கள்தான் வந்தன.

தேடவேண்டிய முதல் பதிவு எது என்று சொல்லிவிடுகிறேன். வரியில்லாமலோ குறைந்த வரியிலோ அனுபவிக்கப்பட்ட நிலங்களைச் சரிபார்க்க, சென்னை மாகாண அரசு 1858இல் இனாம் கமிஷனை அமைத்தது. 1860களில் ஊர் ஊராக விசாரித்து அவர்கள் எழுதிய பேரேடுதான் இனாம் ஃபேர் ரிஜிஸ்டர், சுருக்கமாக ஐ.எஃப்.ஆர். யார் விட்டது, முதலில் வாங்கியவர் யார், இப்போது அனுபவிப்பவர் யார், அவர் வயது என்ன, முதலாமவருக்கு என்ன உறவு என்று தனித்தனிப் பத்தி இருக்கும். வம்சம் தேடுகிறவனுக்கு அது புதையல். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பார்க்கலாம். ஆனால் அது வரிக்காக எழுதியது. அதில் நிலம்தான் முதலில், மனிதர் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வருபவர். தாத்தா பெயரை மட்டும் வைத்துக்கொண்டு போனால் வெறுங்கையோடு திரும்பவேண்டியதுதான். தகரப் பெட்டியைத் திறந்து பழைய பட்டா, தீர்வை ரசீது, ஒத்திப் பத்திரம் எது கிடைத்தாலும் முதலில் எடுத்து வையுங்கள்.

"பட்டியலில் எங்கள் ஊரே இல்லை"

ஊர் இருக்கும். நீங்கள் பார்க்கும் மாவட்டம்தான் தப்பு. சிவகங்கை மாவட்டம் பிறந்தது 1985இல். அதற்கு முன் ராமநாதபுரம் மாவட்டம், அதுவும் 1910இல் உண்டானது. இனாம் கமிஷன் வந்த காலத்தில் காரைக்குடியும் தேவகோட்டையும் மதுரை மாவட்டத்துக்குள் இருந்தன. ஆகவே மதுரை என்ற தலைப்பின் கீழ் தேடுங்கள். திருப்பத்தூர் என்று கேட்கும்போது சிவகங்கைச் சீமைத் திருப்பத்தூர் என்று அழுத்திச் சொல்லுங்கள். வடக்கே உள்ள திருப்பத்தூர்க் கட்டை எடுத்து வைத்துவிட்டால் அரை நாள் போச்சு.

ராயவரம், அரிமளம், கோனாபட்டு, நச்சாந்துபட்டி இப்படிப்பட்ட ஊர்க்காரர்கள் மதுரையிலும் தேடவேண்டாம். அவையெல்லாம் புதுக்கோட்டை சமஸ்தானம். வெள்ளைக்காரர்களின் இனாம் கமிஷன் அங்கே நுழையவே இல்லை. அங்கே இனாம் செட்டில்மெண்ட் தனியாக 1888இல், சேஷய்ய சாஸ்திரி திவானாக இருந்தபோது நடந்தது. 1948இல் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து திருச்சி மாவட்டத்துக்குள் போனது. 1974இல்தான் தனி மாவட்டமானது. பெண் எடுத்த ஊர் ஒரு பக்கம், கொடுத்த ஊர் இன்னொரு பக்கம் என்று செட்டிநாடு எல்லைக் கோட்டின் இரு பக்கமும் கிடக்கிறது. ஒரே குடும்பத்துக்கு இரண்டு ஆட்சியின் பதிவும் தேவைப்படுவது சாதாரணம்.

அப்படியும் ஊர் கிடைக்கவில்லையா? எழுத்துக்கூட்டலைப் பாருங்கள். ஐ.எஃப்.ஆர். பெரும்பாலும் ஆங்கிலக் கையெழுத்தில் இருக்கும். சிவகங்கையை ஷெவகங்கா என்றும் புதுக்கோட்டையைப் பூடூக்கோட்டா என்றும் எழுதிய காலம். 'க' வரும் இடத்தில் கே எழுத்துக்குப் பதில் சி இருக்கும், உகரத்துக்கு இரண்டு ஓ இருக்கும். ஊர்ப் பெயரை வாய்விட்டு, ஒரு வெள்ளைக்காரர் சொல்வது போலச் சொல்லிப் பார்த்தால் பாதி பிடிபட்டுவிடும். பக்கத்து மேஜைக்காரர் சிரிப்பார், பரவாயில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. சிவகங்கை ஜமீனுக்கு நிரந்தர சன்னது, அதாவது ஜமீன் உரிமைப் பத்திரம், கொடுத்தது 1803இல். அதற்கு முன் விடப்பட்ட மானியங்களைத்தான் இனாம் கமிஷன் விசாரித்தது. அதற்குப் பின் ஜமீன்தார் தன் நிலத்திலிருந்து விட்டது அவருக்கும் வாங்கியவருக்கும் உள்ள விவகாரம் என்று விட்டுவிட்டார்கள். "1803க்கு முன்னா, பின்னா?" என்ற கேள்விக்கு வீட்டுக் கதையில் பதில் இருக்கும். மருது பாண்டியர் கொடுத்தார் என்றால் முன். அவர்கள் தூக்கிலிடப்பட்டது 1801இல். "ஜமீன்தார் கொடுத்தார்" என்றே சொல்லிவருகிறார்களானால் பின்னாக இருக்கலாம். அப்போது ஐ.எஃப்.ஆரை மூடிவிட்டு, 1948ஆம் வருஷத்து எஸ்டேட் (ஜமீன்) ஒழிப்புச் சட்டத்துக்குப் பின் நடந்த செட்டில்மெண்ட் பதிவேட்டுக்குப் போங்கள்.

"ஊர் கிடைத்தது, சர்வே எண் பொருந்தவில்லை"

பொருந்தாது. உங்கள் கையில் உள்ள பட்டா, 1980களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யூ.டி.ஆர். திட்டத்துக்குப் பிந்தியது. அதற்கு முந்தியது செட்டில்மெண்ட் எண், செட்டில்மெண்ட் நிலப் பதிவேடான எஸ்.எல்.ஆரில் இருக்கும். அதற்கும் முன்னால், முறையான சர்வேக்கு முந்திய பழைய அளவையின் பைமாஷ் எண். ஜமீன் ஊர்களில் பலவற்றுக்கு முறையான சர்வேயே ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் வந்தது. ஆகவே ஒரே தாவலில் 1860களுக்குப் போக முடியாது, படிப்படியாகத்தான் இறங்கவேண்டும். இன்றைய எண்ணிலிருந்து எஸ்.எல்.ஆருக்கு, அங்கே பழைய எண் குறித்திருந்தால் அதற்கு, அங்கிருந்து ஐ.எஃப்.ஆருக்கு. உட்பிரிவு எண்ணை விட்டுவிட்டுத் தாய் எண்ணை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

எண் அறுந்துபோகும் இடத்தில் வயலின் பெயர் உதவும். பண்டாரச் செய், மேளகாரச் செய், வண்ணான் செய் என்று ஊரில் இன்னும் சொல்வார்கள். பட்டாவில் அந்தப் பெயர் இருக்காது, ஆடு மேய்ப்பவர் வாயில் இருக்கும். கர்ணம் (கணக்கப்பிள்ளை) பதவியை 1980இல் ஒழித்தபோது பழைய கணக்குகள் சில ஊர்களில் கணக்கப்பிள்ளை வீட்டுப் பரணிலேயே தங்கிவிட்டன. அந்த வீட்டுக்காரரிடம் நயமாகக் கேட்டுப் பாருங்கள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போவது நல்லது.

நான்கெல்லையைப் படிப்பதில்தான் பெரும்பாலோர் வழுக்கி விழுகிறார்கள். எங்கள் நந்தவனத்துக்கு ஒரு பழைய பத்திரத்தில் "ஊருணிக் கரைக்கு வடக்கு, வண்டிப்பாதைக்குக் கிழக்கு" என்று இருந்தது. நான் ஊருணியை வடக்கே தேடிக்கொண்டு வெயிலில் நின்றேன். அங்கே பனைமரம்தான் இருந்தது. வழியில் போன பெரியவர் பத்திர நகலை வாங்கிப் பார்த்துவிட்டு என் தோளைப் பிடித்துத் திருப்பி விட்டார். "ஊருணிக்கு வடக்கு" என்றால் ஊருணிக்கு வடக்கே நம் நிலம் இருக்கிறது, அதாவது ஊருணி நமக்குத் தெற்கே. ஒவ்வொரு எல்லையையும் அப்படியே திருப்பிப் போட்டு ஒரு படம் வரைந்துகொள்ளுங்கள். அண்டை நிலத்துக்காரர்களின் பெயரையும் படத்தில் எழுதுங்கள். அடுத்த பதிவில் எண் மாறியிருந்தாலும் அண்டைக்காரர் குடும்பம் அங்கேயேதான் இருக்கும்.

"நிலம் நம்முடையதுதான், பெயர் வேறு யாருடையதோ"

இங்கேதான் பலர் மனம் உடைந்து தேடலை விடுகிறார்கள். விட வேண்டியதில்லை.

முதலில், வாங்கியவர் இடத்தில் சாமி பெயர் இருக்கலாம். தேவதாயம் என்றால் நிலம் சுவாமிக்கு. மனிதர் நிர்வாகியாகவோ ஊழியராகவோ பக்கத்துப் பத்தியில் இருப்பார். குடும்பப் பெயரைத் தேடுகிற கண் அந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடும்.

அடுத்தது, மேல்வாரமும் குடிவாரமும். விளைச்சலில் அரசுக்குச் சேரவேண்டிய பங்கு மேல்வாரம், உழுகிறவர் பங்கு குடிவாரம். ராஜா மானியம் விட்டார் என்றால் பல நேரம் அவர் விட்டது தன் மேல்வாரத்தை மட்டும்தான். உழுதுகொண்டிருந்த குடும்பம் அதே இடத்தில் உழுதுகொண்டே இருந்தது, நெல்லை மட்டும் வேறு வாசலில் கொண்டுபோய் அளந்தது. "ஏழு தலைமுறையாக நாங்கள் உழுதோம், பதிவில் யாரோ ஐயர் பெயர் இருக்கிறதே" என்று கொதிக்கிறவர்களின் தாத்தாக்கள் குடிவாரக்காரர்கள். ஐ.எஃப்.ஆர். அவர்களைக் கேட்கவே இல்லை.

அவர்களுக்கு வேறு இடம் இருக்கிறது, என் கணக்கில் அது இன்னும் நல்ல இடம். பத்திரப் பதிவு 1860களின் நடுவிலிருந்து நடக்கிறது. ஒரு குடும்பம் கல்யாணத்துக்கோ விதைக்கோ பணம் வாங்கி நிலத்தை ஒத்தி வைத்திருந்தால், எழுதிக் கொடுத்தவர், அவர் தகப்பனார், மேஜரான மகன்கள், மைனர் மகன்களும் அவர்களுக்குக் கார்டியனும் என்று வீடே வரிசையாக நிற்கும். கடன் கொடுத்தவர் எதிர்காலத்தில் வம்பு வரக்கூடாது என்று எல்லோர் பெயரையும் எழுதி வாங்கியிருப்பார். அவருடைய ஜாக்கிரதைதான் நமக்கு வம்சாவளி. நிலப் பத்திரங்கள் உள்ள 'புத்தகம் 1' என்ற பதிவேட்டை யாரும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம், நகல் வாங்கலாம். ஆன்லைன் வில்லங்கச் சான்று ஓரளவுக்குத்தான் பின்னால் போகும். அதற்கு முந்தியதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுத்துக் கையால் தேடச் சொல்லவேண்டும்.

மூன்றாவது எங்கள் வீட்டுக் கதை. ஐ.எஃப்.ஆரில் நந்தவன மானியம் கிடைத்தது, ஆனால் அனுபவிப்பவர் பெயர் எங்கள் வரிசையிலேயே இல்லை. வேறு நிலம் என்று முடிவுகட்டி மூடிவிட்டேன். ஆறு மாதம் கழித்து அதே பக்கத்தை மறுபடி பார்த்தபோதுதான் உறவுப் பத்தியைப் படித்தேன்: முந்தினவருடைய சகோதரியின் மகன். ஊழிய மானியம் ரத்தத்தோடு போவதில்லை, வேலையோடு போகிறது. பூக்கட்ட ஆள் இல்லாத தலைமுறையில் மருமகனைக் கூட்டிவந்து வைத்திருக்கிறார்கள், நிலமும் அவரோடு போயிருக்கிறது. நாங்கள் அந்த மருமகன் வழி. ஓதுவார், மேளம், குயவர், பரிசாரகர் என்று எந்தக் கோயில் ஊழியக் குடும்பமானாலும் இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். அடுத்தடுத்து இரண்டு பெயர் இருந்தால் அப்பா-மகன் என்று கோடு போட்டுவிடாதீர்கள்.

"நாலு தலைமுறையிலும் ஒரே பெயர்"

இது நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீட்டு வியாதி. மூத்த பிள்ளைக்கு அப்பாவைப் பெற்ற ஐயாவின் பெயர். ஆகவே மெய்யப்பன் மகன் சுப்பையா, அவர் மகன் மெய்யப்பன், அவர் மகன் சுப்பையா என்று ஊஞ்சல் மாதிரி ஆடும். அது மட்டுமென்றால் சமாளிக்கலாம். அண்ணன் தம்பி மூன்று பேரும் தங்கள் மூத்த பிள்ளைக்கு அதே ஐயா பெயரை வைத்திருப்பார்கள். ஒரே வளவுக்குள் ஒரே வயதில் மூன்று மெய்யப்பன்! மாமனார் பெயரைச் சொல்லக்கூடாது என்று வீட்டுப் பெண்கள் அந்தப் பையன்களை ராஜா, தம்பி என்று கூப்பிட்டிருப்பார்கள். வயதான ஆச்சியிடம் போய்ப் பதிவில் உள்ள பெயரைச் சொன்னால் 'அப்படி யாரும் இல்லையே' என்பார்.

முன்னெழுத்தை நம்புங்கள், பெயரை நம்பாதீர்கள். பெயருக்கு முன்னால் உள்ள எழுத்துகளில் கடைசி எழுத்து அப்பா, அதற்கு முந்தியது ஐயா. ஆனால் கடை விலாசம், அதாவது தொழில் நடத்திய கடையின் பெயர், என்றால் கதை வேறு. பழைய கூட்டாளிகளின் எழுத்துகள் அதில் அப்படியே உறைந்து நிற்கும், அதை வம்சமாகப் படித்துவிடக்கூடாது.

திடீரென்று முன்னெழுத்து மாறினால் பிள்ளை கூட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். சுவீகாரம் போன பிள்ளைக்கு அப்பா, ஐயா எல்லோருமே மாறிவிடுவார்கள். உயிலும் சுவீகாரத்துக்கான அதிகாரப் பத்திரமும் பதிவு அலுவலகத்தில் 'புத்தகம் 3' என்ற பதிவேட்டில் இருக்கும். எழுதியவர் காலமான பிறகு அதன் நகலையும் கேட்டு வாங்கலாம்.

மூன்று மெய்யப்பன்களைப் பிரிக்க நிலப் பதிவு போதாது, கல்யாணம் வேண்டும். நகரத்தாருக்கு ஒன்பது கோயில்: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்கோயில், நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. கல்யாணத்துக்குக் கோயிலிலிருந்து மாலை வரும், தம்பதி ஒரு புள்ளியாகக் கணக்கில் ஏறுவார்கள். வீட்டில் இசைகுடிமானம் என்ற கல்யாண ஒப்பந்தம் எழுதியிருப்பார்கள். அந்த ஏட்டில் ஊர், கோயில், இரண்டு பக்கத்துத் தகப்பனார் பெயரும் சேர்ந்தே இருக்கும். நான் பார்த்த ஒன்று, ஓரம் பூச்சி அரித்து, மஞ்சள் துணியில் சுற்றி, கல்யாண வெள்ளிச் சாமான்களுக்கு அடியில் கிடந்தது. அதுவரை இரண்டு மெய்யப்பன்களுக்கு நடுவில் தடுமாறிக்கொண்டிருந்தோம். பெண்ணின் கோயில் இரணியூர் என்று ஆச்சி படித்தார். "அப்ப பிள்ளையார்பட்டி மெய்யப்பன் இல்லை. ரெண்டும் அண்ணன் தம்பி கோயில், கொண்டு கொடுக்க மாட்டாங்க" என்று ஏட்டை மூடிவிட்டார். ஒரு வாரமாக நான் காகிதத்தில் போட்ட கோடுகளை அந்த அம்மா ஒரு மூச்சில் அழித்துவிட்டார்.

"வருஷம் இடிக்கிறது, எழுத்து புரியவில்லை"

பசலி என்ற வரிக் கணக்கு வருஷம் என்றால், ஆங்கில வருஷம் கிடைக்க 590 கூட்டுங்கள். பசலி 1276 என்பது 1866 ஜூலை முதல் 1867 ஜூன் வரை. சகாப்தம் என்றால் 78 கூட்டவேண்டும், கலியுகம் என்றால் 3101 கழிக்கவேண்டும். வருஷப் பெயர் மட்டும் இருந்தால் அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்பும். அட்சய என்றால் 1806, 1866, 1926 மூன்றும் நிற்கும். அட்சய வருஷம் தை மாதம், பசலி 1276 என்று இரண்டும் சேர்ந்திருந்தால் 1867 தொடக்கம் என்று பூட்டிவிடலாம். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எழுதியவர் தப்பென்று சொல்லாதீர்கள், உங்கள் வாசிப்பை மறுபடி பாருங்கள்.

தமிழ் எண்ணில் அந்த 1276 என்பது ௲௨௱௭௰௬ என்று இருக்கும். ஏட்டின் தலையில் தனியாக நிற்கும் 'உ' இரண்டல்ல, பிள்ளையார் சுழி. நான் அதைப் பக்க எண் என்று குறித்து வைத்திருந்தேன். ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி, ௹ ரூபாய். 'ஜோடி 2 ரூபாய்' என்றால் புருஷன் பெண்டாட்டி இல்லை, மானிய நிலத்துக்குப் போட்ட சலுகைத் தீர்வை. மா என்றால் இருபதில் ஒரு பங்கு, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று.

எல்லாவற்றிலும் பெரிய அவமானம் ௸. 'மேற்படி' என்பதன் குறி அது. தட்டச்சுப் பத்திரங்களில் அதற்குப் பதில் 'ஷ' என்றும் 'ஷை' என்றும் அடித்திருப்பார்கள். 'ஷையார்' என்று வந்ததைப் பார்த்து, எங்கள் வம்சத்தில் ஷையார் என்று ஒரு பெரியவர் இருந்தார் என்று மூன்று மாதம் நம்பினேன். வம்ச மரத்தில் அவருக்கு ஒரு கிளைகூடப் போட்டிருந்தேன். மேற்படியார், அவ்வளவுதான்.

"எங்கே தேடியும் ஒன்றுமில்லை"

நிறைய நிலம் இருந்தது என்று வீட்டில் சொல்கிறார்கள், இங்கே ஒரு சென்ட் பதிவும் இல்லை என்றால், அந்த நிலம் பர்மாவில் இருந்திருக்கலாம். 1930களின் மந்தத்தில் கடன் திரும்பாமல், கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு நிலம் செட்டியார்கள் கைக்கு வந்தது. 1948இல் பர்மா அரசு நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டம் போட்டது. வீட்டில் ரங்கூன் முகவரியோடு பேரேடோ கடிதக் கட்டோ இருக்கிறதா பாருங்கள்.

கோயிலுக்குக் கொடுத்த குடும்பமென்றால், அறநிலையத் துறையின் சொத்துப் பதிவேட்டில் கட்டளைகளின் (பூஜைக்கும் விழாவுக்கும் வைத்த கொடைகளின்) பெயரைப் பாருங்கள். கட்டளை வைத்தவர் பெயரும் விலாசமும் அதில் தங்கியிருக்கும். 1803க்கும் வெகு முந்தியதென்றால் கல்வெட்டு. புதுக்கோட்டை சமஸ்தானம் தன் கல்வெட்டுகளை 1929இலேயே அச்சிட்டுவிட்டது. ஆனால் அங்கே கிடைக்கும் பெயருக்கும் உங்கள் ஐயாவுக்கும் நடுவில் பல நூறு வருஷம் வெறும் காற்றுதான். ஊர்ச் சரித்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், வம்சத்தில் கோக்காதீர்கள்.

"பதிவு கிடைத்தது, மாமா கேஸ் போடலாம் என்கிறார்"

இது நிச்சயம் வரும். மானியம் யாருக்கு விடப்பட்டது என்பது ஒன்று, இன்று நிலம் யாருக்கு என்பது வேறு. நடுவில் 1948 சட்டம், 1963இல் மூன்று இனாம் ஒழிப்புச் சட்டங்கள், அவற்றின் கீழ் நடந்த பட்டா விசாரணைகள் எல்லாம் உண்டு. ஐ.எஃப்.ஆர். நகலைத் தூக்கிக்கொண்டு போய் இன்று அங்கே வீடு கட்டியிருப்பவரிடம் நின்றால் சண்டைதான் மிஞ்சும். உண்மையிலேயே உரிமைக் கேள்வி இருந்தால் வக்கீலிடம் போகட்டும்.

எங்கள் மாமா இரண்டு முறை நகல் கேட்டார். சகோதரி மகனில் தொடங்கி அப்பத்தா வரை ஆறு பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். சர்வே எண் அதில் இல்லை.